கோணக்காதன் படம் ஓடுது

தெலுக் ஆன்சன்
20 ஜனவரி 1958

காஜா பேராங், திருமதி தெய்வானை சேதுராமன் அவர்களுக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமில்லாதது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் பெயர் பூங்காவனம். ஏழு வயது வரை சந்திரமதியாக இருந்தேனாம். என்னை வளர்த்த அஞ்சலை அம்மா போன தீபாவளிக்கு முந்தின வாரம் தவறிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் மலாக்காவில் பிறந்தவள், சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்த சின்னப்பாவின் இளைய மகள், தெய்வானை என்று ஓர் அக்கா உண்டு என்று சொன்னார். உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதிக் கேட்டேன். அவர்தான் விலாசம் கொடுத்தார்.

காரியமாகத்தான் எழுதுகிறேன். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு எல்லாரும் குடியுரிமைக்கு மனுப் போடுகிறார்கள். என் கணவர் தேவதாசுக்குக் கிடைத்துவிட்டது. என்னிடம் சூராட் பெரானா இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவளுக்குப் பிறந்த ஊரும் இல்லை என்கிறார் ஆபீஸ் கிராணி. கூடப்பிறந்தவர் யாராவது 'இவள் மலாக்காவில் பிறந்தாள்' என்று சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தால் போதுமாம்.

நான்தான் அவள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பீர்கள். அம்மா முகம் எனக்கு நினைவில்லை. அப்பா முகமும் இல்லை. கோணக்காதனை மட்டும் நினைவிருக்கிறது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, நாயா எலியா என்று தெரியாத பிராணி. அதன் வெள்ளைக்காரப் பெயர் நமக்குத் தெரியாது. பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் அதன் கார்ட்டூன் ஓடும். அப்பா நம் இருவரையும் கதவோரம் நிறுத்திவைப்பார். கார்ட்டூன் முடிந்ததும் கை காட்டுவார், நாம் வெளியே போய்விட வேண்டும். பெரிய படம் ஒன்றுகூட நாம் பார்த்ததில்லை. சரிதானே? அப்புறம் அந்தக் கோணக்காதன் தகரப் பொம்மை. சாவி கொடுத்தால் தலையை ஆட்டிக்கொண்டே நடக்கும்.

என் மகளுக்கு மூன்று வயது. தினமும் அந்தக் கார்ட்டூனை அவளுக்கு நடித்துக் காட்டுகிறேன். வேறு எதுவும் அந்த வீட்டிலிருந்து என்னிடம் இல்லை, அக்கா.

பூங்காவனம்


காஜா பேராங், மலாக்கா
3 பிப்ரவரி 1958

பூங்காவனம் என்பவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அக்கா என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

என் தங்கை சந்திரமதி ஜப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செத்தவர்கள் பெயரில் குடியுரிமை வாங்கத் திரிகிறவர்களைப் பற்றி இங்கே நிறையப் பேச்சு அடிபடுகிறது. புக்கிட் பாருவில் ஒருவர் முன்பின் தெரியாத ஆளுக்கு அண்ணனாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது போலீசுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். என் கணவர் நகராட்சியில் வேலை பார்க்கிறவர். அவருக்கு ஒரு கெட்ட பெயர் வர நான் விடமாட்டேன்.

கார்ட்டூன் எல்லாரும் பார்த்ததுதான். கொட்டகைக்கு வந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரிந்திருக்கும். அந்தப் பொம்மையும் ஜப்பான்காரன் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பியதுதான்.

ஆனாலும் கேட்கிறேன். படத்தில் கோணக்காதன் கையில் என்ன இருக்கும்? எங்கள் வீட்டுப் பொம்மையின் கையில் என்ன இருந்தது? பொம்மை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? வந்த அன்று என் தங்கை என்ன செய்தாள்?

உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையும் எழுதுங்கள். அந்த அஞ்சலை என்பவர் சாகும்போது வேறு என்னென்ன சொன்னார்?

தெய்வானை


தெலுக் ஆன்சன்
14 பிப்ரவரி 1958

அக்காவுக்கு,

அந்தச் சொல்லை விடச் சொன்னீர்கள். முடியவில்லை. வேண்டுமானால் நீங்கள் அடித்துவிட்டுப் படியுங்கள்.

செத்துப்போனவளுக்கு யாரும் கேள்வித்தாள் அனுப்புவதில்லை. அதைப் பார்த்ததுமே தங்கை செத்தாள் என்பதை நீங்களே நம்பவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

பதில்கள். படத்தில் கையில் எக்காளம். அதை ஊதினால் சத்தம் ஒரு கயிறு மாதிரி வெளியே வந்து போலீஸ்காரன் காலைக் கட்டிவிடும். பொம்மையின் கையில் மத்தளம். கொட்டகை முதலாளியான சீனர் டிக்கெட் அறைக் கண்ணாடிக்குள் விளம்பரத்துக்கு வைத்திருந்தார். படம் மாறியதும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அன்று நான் அழுதேன். "இது கோணக்காதன் இல்ல, வேற யாரோ, இவன் கையில ஊதுறது இல்ல" என்று. நீங்கள் தீப்பெட்டி அட்டையைச் சுருட்டி எக்காளம் செய்து அதன் வாயில் ஒட்டினீர்கள். ஒட்டியது சோற்றுப் பருக்கையால். மறுநாள் எறும்பு வந்தது.

பொம்மை என்னுடன்தான் வந்தது. அதன் உள்ளங்காலில் ஜப்பானில் செய்தது என்று இங்கிலீஷில் பொறித்திருக்கும். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வளர்ப்பு அப்பா கலியாணசுந்தரம் பயந்துபோய் அதை ஆற்றில் எறிந்துவிட்டார். கருவாட்டு வியாபாரி, எல்லாவற்றுக்கும் பயப்படுவார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. இப்போது அதே மாதிரி ஜப்பான் பொம்மைகள் இங்கே கடைகளில் மறுபடி வந்துவிட்டன. குரங்கு, கரடி, முயல் எல்லாம் இருக்கின்றன. கோணக்காதனைத்தான் காணோம். கடைக்காரருக்குக் காதை மடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நான்கு கேள்வி கேட்டீர்கள், எல்லாம் பொம்மையைப் பற்றி. தங்கையைத் தொலைத்தவர் முதலில் 'நீ எப்படிப் போனாய்' என்றல்லவா கேட்பார்? அதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

பூங்காவனம்


மலாக்கா
3 மார்ச் 1958

பூங்காவனத்துக்கு,

இனிமேல் கடிதங்களை என் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். கமலவேணி, தையல் கடை, செமாபோக் என்று எழுதினால் எனக்கு வந்துசேரும்.

பதில்கள் சரி. அதனால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. போன மாதம் தொப்பி போட்ட ஓர் ஆள் எங்கள் தெருவில் நின்று பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். சின்னப்பா வீடு எது, இப்போது யார் இருக்கிறார்கள், யார் பெயரில் இருக்கிறது என்று. தமிழ் பேசாத அவர்கள் மலாயில் என்னிடம் சொன்னதைக் கேட்டதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். உங்களுக்கு வேண்டியது கையெழுத்தா, வீடா? நேராகவே கேட்டுவிடுங்கள்.

தங்கை காய்ச்சலில் போனாள் என்று எழுதியது உண்மையில்லை. ஊருக்கு அப்படிச் சொன்னோம். என் கணவருக்கும் அதுதான் தெரியும். 1943இல் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. மரவள்ளிக்கிழங்குகூட ஒரு வேளைக்குத்தான். அம்மாவுக்கு மலேரியா. பேராக் பக்கத்திலிருந்து வந்த பிள்ளையில்லாத ஒரு தம்பதி கேட்டார்கள், அம்மா கொடுத்தாள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்தது இது. அம்மா 1949இல் இறந்தாள். அவளைக் குறை சொல்லாதே.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அஞ்சலை உன்னிடம் சொன்னதை முழுக்க எழுது. ஒரு வார்த்தை விடாமல். அது தெரியாமல் நான் எதிலும் சத்தியம் செய்ய முடியாது.

தெய்வானை


தெலுக் ஆன்சன்
17 மார்ச் 1958

அக்கா,

கமலவேணி யார் என்று தெரியாது. என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தொப்பி போட்ட ஆள் என் கணவர். உங்களை நம்பாமல்தான் அனுப்பினேன். வீடு யார் பெயரில் என்று கேட்டது அவருடைய அதிகப்பிரசங்கித்தனம், அதற்குத் திட்டிவிட்டேன். வீடு எனக்கு வேண்டாம். நீங்கள் உண்மையில் தெய்வானையா, அவர் பெயரில் அந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. சந்தேகம் உங்களுக்கு மட்டும் சொந்தமா?

அஞ்சலை அம்மா சொன்னது இருக்கட்டும். எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

அன்று காலையில் அம்மா பாயில் படுத்திருந்தாள், முகத்தை மூடியபடி. நீங்கள் எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டீர்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு கொட்டகையில் கார்ட்டூனே இல்லை, கொடியும் சண்டையும்தான். ஒன்றரை வருடமாக நான் கேட்டுக்கேட்டு அலுத்துப்போயிருந்தேன். நீங்கள் என் காதில் வந்து சொன்னீர்கள்: "கோணக்காதன் படம் ஓடுது, வா."

பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அது கொட்டகைக்குப் போகிற வழிதான். ஆற்றோரம் கரிப்புகையில் ஓடுகிற லாரி ஒன்று நின்றது. பக்கத்தில் ஓர் அம்மா, குடையோடு ஒரு மனிதர். நீங்கள் அவர்களிடம் ஏதோ பேசினீர்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றார். அந்த அம்மா, "இருக்கட்டும், விடுங்க" என்றார். நீங்கள், "உள்ள ஏறி உக்காரு, டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்" என்றீர்கள்.

ஏறி உட்கார்ந்தேன். லாரி தம்பின் ஊரைத் தாண்டும் வரைக்கும் கொட்டகை இந்தப் பக்கமாக மாறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'இதுவா' என்று ஏன் கேட்டார், அக்கா? யாரை எதிர்பார்த்து நின்றார்?

பூங்காவனம்


மலாக்கா
12 ஏப்ரல் 1958

சந்திரா,

உன் கடிதம் கமலவேணி கடையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. நான் போய் எடுக்கவில்லை. எடுத்த பிறகு எழுத இத்தனை நாள்.

அவர்கள் கேட்டது என்னை.

எனக்குப் பதினான்கு வயது. வீட்டு வேலைக்கும் ஆகும், மகளாகவும் இருப்பாள் என்று கேட்டார்கள். அம்மா சரி என்றாள். ராணுவத்துக்காரன்கள் வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரிய பெண்ணை ஊரைவிட்டு அனுப்பினால் தப்பிப்பாள் என்று அவள் கணக்கு. அதை என்னிடம் சொல்லவில்லை. "தெய்வான, நீ கொஞ்ச நாளைக்கு அங்க இரு" என்று மட்டும் சொல்லித் துணிமூட்டை கட்டி வைத்தாள். காய்ச்சலில் அவளால் எழுந்து வர முடியவில்லை. "சந்திராவ வழியனுப்பக் கூட்டிட்டுப் போ, அப்புறம் அவ தனியா வந்துருவா, வழி தெரியும்" என்றாள்.

எனக்குப் பயம். முன்பின் தெரியாதவர்கள், எங்கேயோ பேராக். பயத்தைவிட வேறொன்று இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பெண்ணில் என்னைக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வந்ததே என்று. அப்பா இருந்தபோதும் நீதான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பாய், நான் உனக்குப் பின்னால் நின்று உன் தலைக்கு மேலாகப் பார்ப்பேன்.

வழியனுப்ப என்றால் நீ வரமாட்டாய், அழுவாய். அதனால்தான் கோணக்காதன் பெயரைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதே என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். தெரிந்திருந்தது. என் துணிமூட்டையை நான் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

லாரியடியில், "அம்மா மனச மாத்திக்கிட்டாங்க, சின்னவள எடுத்துக்கச் சொன்னாங்க" என்றேன். உன் அஞ்சலை அம்மா உன்னைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனார். இரண்டு காந்தாங் அரிசி கொடுத்தார்கள். தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். தெருமுனையில் செட்டி அம்மா நின்றார்கள். "அடேக் காவ் மானா?" என்று கேட்டார்கள், உன் தங்கை எங்கே என்று. நான் நடையை எட்டிப் போட்டேன். அம்மாவிடம், "சின்னதத்தான் வேணும்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன். அம்மா பாயிலிருந்து எழுந்து வாசல் வரை வந்து விழுந்தாள். அன்று சாயங்காலம் அந்த அரிசியில் கஞ்சி வைத்தேன். நானும் குடித்தேன்.

சாகும் வரை அம்மா அந்தத் தம்பதியைத்தான் சபித்தாள்.

போன வருடம் என் மகன் சங்கரன் கடையில் சாவி கொடுக்கிற பொம்மை ஒன்றைக் காட்டி வேண்டும் என்றான். கரடி, மத்தளம் தட்டுகிறது. நான் அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாங்கிக்கொடுத்தால் என்ன என்று என் கணவர் கேட்டார். ஜப்பான் சாமான் வேண்டாம் என்றேன். அவரும் நம்பினார்.

உன் முதல் கடிதத்தைப் பார்த்தபோது நீ பொய்க்காரியாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

தெய்வானை


தெலுக் ஆன்சன்
24 ஏப்ரல் 1958

தெய்வானை அக்காவுக்கு,

எனக்குத் தெரியும். முதல் கடிதம் எழுதும்போதே தெரியும்.

அஞ்சலை அம்மா கட்டிலில் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டீர்களே: "நாங்க கேட்டது பெரியவள. பெரியவ உன்னக் கொண்டாந்து நிறுத்துனா. அவ சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. ஆனா உன்ன விட எனக்கு மனசில்ல. அதனால கேக்கல."

அவரும் உங்கள் பொய்யில் பங்குதான். அதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். நீங்கள் உயிரோடு இருந்தீர்கள், அதனால் உங்களுக்கு எழுதினேன். கையெழுத்து நிஜமாகவே வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு மட்டும் எழுதவில்லை. நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. முதலில் நான் செத்தேன் என்றீர்கள். பிறகு அம்மா கொடுத்தாள் என்றீர்கள். இன்னொரு பொய் வந்திருந்தால் பதில் போட்டிருக்க மாட்டேன்.

மன்னிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கு அங்கே கெட்டது நடக்கவில்லை, என்னை நன்றாக வைத்திருந்தார்கள். அதனால் உங்களுக்குப் பாரம் குறையுமானால், குறைய வேண்டாம் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது.

இரண்டு வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் 'பிரிந்த விதம்' என்று ஓர் இடம் உண்டு. அதில் நடந்ததை எழுதுங்கள். அப்புறம், அம்மா என்னைத் தேடினாளா?

பூங்காவனம்


காஜா பேராங், மலாக்கா
8 மே 1958

சந்திரா,

இனி வீட்டு விலாசத்துக்கே எழுதலாம்.

பத்திரம் இதோடு இருக்கிறது. அதை எழுதப் போவதற்கு முந்தின நாள் என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். பிறகு, "வருஷா வருஷம் உயிரோட இருக்கிறவளுக்குப் படையல் போட்டிருக்கோம் தெய்வான, நீ பக்கத்துல நின்னு கும்பிட்ட" என்றார். ஆனால் ஆபீசுக்குக் கூட வந்தார்.

கிராணி தமிழ் ஆள்தான். 'பிரிந்த விதம்' வந்ததும், "யுத்தத்துல பிரிஞ்சதுன்னு போட்டுருவோமா? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, இது நீங்களா?" என்று கேட்டார். நான்தான், எழுதுங்கள் என்றேன். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அம்மா தேடினாளா என்று கேட்டாய். இதற்குப் பதில் எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். இது உன் அஞ்சலை அம்மாவுக்கும் தெரியாது.

லாரியில் உன் வளர்ப்பு அப்பா ஓட்டுநரிடம் தெலுக் ஆன்சன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா கேட்டாள், எந்த ஊர் என்று சொன்னார்களா என்று. நீ கிடைத்தால் நான் செய்தது தெரிந்துவிடும். பேராக்கிலேயே வேறோர் ஊரைச் சொன்னேன், தைப்பிங் என்று.

1946இல், கொஞ்சம் தேறியதும், அம்மா தாலியை விற்று என்னையும் கூட்டிக்கொண்டு தைப்பிங்குக்குப் போனாள். நான்கு நாள். விடாத மழை. கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டோம். சந்தையில் ஒவ்வொரு தமிழ்க் கடையாக ஏறி, இந்த உயரம், இரட்டைச் சடை, கையில் ஒரு தகரப் பொம்மை இருக்கும் என்று கேட்டாள். மூன்று வருடத்தில் நீ வளர்ந்திருப்பாய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு கடையிலும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான்காம் நாள் அவளே, "வா போலாம், இங்க இல்ல" என்றாள்.

இதற்குமேல் என்னிடம் மறைக்க எதுவுமில்லை.

தெய்வானை


தெலுக் ஆன்சன்
15 மே 1958

அக்கா,

பத்திரத்தை ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

நீ என் வீட்டுக்கு வர வேண்டாம். நானும் இப்போதைக்குக் காஜா பேராங்குக்கு வருவதாக இல்லை. இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை. காலை ரயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு தைப்பிங் ஸ்டேஷனில் இறங்குவேன். நீயும் அங்கே வந்துவிடு. எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

அம்மா எந்தக் கோயிலில் படுத்தாள், எந்தெந்தக் கடையில் ஏறினாள் என்று எனக்குக் காட்டு. ஒன்றுவிடாமல் காட்டு. நான்கு நாளும் அவள் நடந்த வழியில் நான் நடக்க வேண்டும். நீ முன்னால் போ.

சந்திரமதி